காற்றுப்பை: ஸ்டியரிங் மூடிக்குப் பின்னால் இருப்பது என்ன?

கடந்த ஆண்டு அத்தான் யாழ்ப்பாணத்தில் பழைய டொயோட்டா விட்ஸ் கார் ஒன்று வாங்கினார். “ரெண்டு எயார்பேக்கும் இருக்கு அண்ணை, கொம்பனியால வந்தபடி” என்றார் விற்றவர். ஸ்டியரிங்கின் நடுவிலும் டாஷ்போட்டின் இடதுபக்கத்திலும் ‘எஸ்.ஆர்.எஸ்’ என்ற எழுத்துகள் இருந்தன. அத்தானுக்குத் திருப்தி. கூடப் போன எனக்கும் அதுவே போதுமாக இருந்தது. அந்த மூடிகளுக்குப் பின்னால் உண்மையில் என்ன இருக்கிறது என்று மூன்று மாதங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

அதைச் சொல்வதற்கு முன், அங்கே என்ன இருந்திருக்க வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் கார் ஒரு சுவரில் மோதுகிறது. கார் நின்றுவிடும். உள்ளே இருப்பவர் நிற்கமாட்டார். அவரது உடல் அதே 50 கிலோமீற்றர் வேகத்தில் முன்னோக்கிப் போய்க்கொண்டிருக்கும், ஏதாவது ஒன்று அதை நிறுத்தும் வரை. இந்த வேகம் ஏறத்தாழ 10 மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து விழும் ஒருவர் தரையைத் தொடும் வேகத்துக்குச் சமம். உயிர் தப்புவதும் தப்பாததும் எவ்வளவு தூரத்துக்குள் அந்த வேகம் குறைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. ஸ்டியரிங்கில் நெஞ்சு அடித்து 5 சென்ரிமீற்றருக்குள் நின்றால், உடல் தாங்கவேண்டிய விசை அதன் எடையைப்போல ஏறக்குறைய 200 மடங்கு. அதே உடல் 50 சென்ரிமீற்றர் தூரத்தில் மெதுவாக நிறுத்தப்பட்டால் 20 மடங்கு. முதலாவதில் நெஞ்செலும்பு உடைந்து நுரையீரலைக் குத்தும். இரண்டாவதில் நெஞ்சு நோவோடு எழுந்து நடந்துவிடலாம். காரின் முன்பகுதி நசுங்குவதும், ஆசனப்பட்டி இழுத்துப் பிடிப்பதும், காற்றுப்பை விரிவதும் எல்லாம் இந்தத் தூரத்தைக் கூட்டுவதற்காகத்தான்.

காற்றுப்பை என்றதும் ஊதிவைத்த தலையணை ஒன்றைத்தான் பலரும் மனதில் நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு சிறிய வெடிப்பு. காரின் முன்பகுதியிலும் நடுவிலும் பொருத்தப்பட்டுள்ள உணரிகள் திடீர் அமர்முடுகலை அளக்கின்றன. சடுதியாகப் பிரேக் பிடிப்பது, குழியில் சில்லு விழுவது, நாய் ஒன்றில் தட்டுவது போன்றவற்றையும் உண்மையான மோதலையும் ஒரு சிறு கணினி பிரித்தறிய வேண்டும். அந்த முடிவை எடுக்க அதற்குக் கிடைப்பது ஒரு செக்கனின் ஆயிரத்தில் 15 முதல் 30 பங்கு வரையான நேரம். ‘விரி’ என்று அது முடிவெடுத்தால் ஒரு மின்துடிப்பு பற்றவைப்பானுக்குப் போகும். உருக்குக் குப்பிக்குள் வில்லைகளாக இருக்கும் இரசாயனம் எரிந்து வாயுவாக மாறும். பழைய கார்களில் இதற்குச் சோடியம் ஏசைட்டு பயன்பட்டது. அது எரிந்தால் வருவது நைதரசன், நாம் சுவாசிக்கும் காற்றில் முக்கால் பங்குக்கு மேல் இருக்கும் அதே வாயு. பின்னாளில் குவானிடீன் நைத்திரேற்றுப் போன்றவை வந்தன. மடித்துவைத்த நைலோன் பை மூடியைக் கிழித்துக்கொண்டு மணிக்கு 300 கிலோமீற்றர் வரையான வேகத்தில் வெளியே வருகிறது. எல்லாம் முடிய நாம் ஒருமுறை கண்ணிமைக்கும் நேரம்கூட ஆவதில்லை.

பலர் அறியாத பாதி இதற்குப் பின்னர்தான் வருகிறது. பை நிறைந்து நிற்கும்போது உங்கள் முகம் அதில் பட்டால் அது பந்துபோலத் திருப்பி எறியும். அதனால் பையின் பின்புறத்தில் துளைகள் வைத்திருக்கிறார்கள். முகம் அழுத்த அழுத்த அந்தத் துளைகளால் வாயு வெளியேறும், பை சுருங்கிக்கொண்டே உடலை நிறுத்தும். காப்பாற்றுவது பை விரிவதல்ல, அது சரியான நேரத்தில் சுருங்குவதுதான்.

எனவே பை விரியும் கணத்தில் நீங்கள் இருக்கவேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். உங்களை அங்கே வைத்திருப்பது ஆசனப்பட்டி. ‘எஸ்.ஆர்.எஸ்’ என்ற எழுத்துகளின் பொருளே ‘துணைக் கட்டுப்பாட்டு அமைப்பு’ என்பதுதான். பட்டி பிரதானம், பை துணை. பட்டி போடாதவர் மோதலுக்கு முந்திய பிரேக்கிலேயே முன்னால் சரிந்துவிடுவார். பை வெளியே வரும்போது அவரது கழுத்தும் முகமும் அதன் வாயிலிலேயே இருக்கும். இலங்கையில் முன் ஆசனங்களுக்குப் பட்டி 2011இல் கட்டாயமாக்கப்பட்டது. பொலிஸ்காரர் நிற்கும் சந்தி வந்ததும் பட்டியை மார்புக்குக் குறுக்கே இழுத்துக் கையால் பிடித்துக்கொண்டு, தாண்டியதும் விட்டுவிடுகின்றவர்களை நான் ஏ9 வீதியில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். காற்றுப்பை உள்ள காரில் அப்படி இருப்பது, இல்லாத காரில் இருப்பதைவிட ஒரு ஆபத்துக் கூட.

இதை அமெரிக்கா உயிர்களைக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டது. அங்கே காற்றுப்பைகள் 1987 முதல் 2017 வரை 50 ஆயிரத்துக்கும் அதிகமான உயிர்களைக் காப்பாற்றியதாக அந்நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் கணித்துள்ளது. அதே நிர்வாகத்தின் கணிப்பின்படி 1990 முதல் 2008 வரை, உயிராபத்து ஏற்படவே தேவையில்லாத குறைந்த வேக மோதல்களில், விரிந்த பைகளே 290இற்கும் மேற்பட்டோரைக் கொன்றிருக்கின்றன. இறந்தவர்களில் பெரும்பாலானோர் பட்டி போடாதவர்கள் அல்லது சரியாகப் போடாதவர்கள். முன் ஆசனத்தில் இருந்த சிறு பிள்ளைகள் அவர்களில் ஏராளம். இத்தகைய இறப்புகளாலேயே பைகளின் விசை குறைக்கப்பட்டது, விதிகளும் மாற்றப்பட்டன.

முன் ஆசனத்தில் தாயின் மடியில் குழந்தை. எங்கள் வீதிகளில் இது அன்றாடக் காட்சி. பத்திரமான இடம் அம்மாவின் மடிதான் என்ற எண்ணம் எங்களுக்கு ஊறிப்போனது. பதுங்குகுழிக்குள் பிள்ளையை மடியில் அணைத்துக்கொண்டு இருந்தவர்களிடம் அதைப் பிழை என்று சொல்வது எளிதல்ல. ஆனால் மோதலில் கணக்கு வேறு. 10 கிலோ குழந்தையின் உடல் அந்தக் கணத்தில் 200 கிலோ, 300 கிலோ மூட்டைபோல முன்னால் இழுக்கும். எந்தத் தாயின் கையும் அதைப் பிடித்து நிறுத்தாது. பை இருக்கும் காரென்றால், அது தாய்க்கும் டாஷ்போட்டுக்கும் இடையில் இருக்கும் குழந்தையின் தலையில்தான் முதலில் அடிக்கும். 12 வயது வரையான பிள்ளைகள் பின் ஆசனத்தில், பட்டியோடு அல்லது வயதுக்கேற்ற குழந்தை ஆசனத்தோடு இருக்க வேண்டும். பின்னோக்கிப் பார்க்கும் கைக்குழந்தை ஆசனத்தை, இயங்கும் காற்றுப்பைக்கு முன்னால் ஒருபோதும் வைக்கக்கூடாது.

இத்தனைக்கும் காற்றுப்பை பிறந்ததே ஒரு பிள்ளைக்காக என்று சொல்லலாம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜோன் ஹெட்ரிக், கடற்படையில் வேலை செய்தவர். மனைவியோடும் சிறு மகளோடும் காரில் போனபோது எதையோ தவிர்க்கத் திருப்பி, கார் வீதியை விட்டு விலகியது. கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் கையை நீட்டி, நடுவில் இருந்த மகளைத் தடுத்தார்கள். கை செய்ததை ஒரு பொருள் செய்ய முடியாதா என்ற யோசனையோடு வீட்டுக்கு வந்தவர் 1952இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அடுத்த ஆண்டு அது கிடைத்தது. ஆனால் மோதலை உடனடியாக உணரும் கருவி அன்று இல்லாததால் கார் நிறுவனங்கள் அக்கறை காட்டவில்லை. 1970களில்தான் ஜெனரல் மோட்டர்ஸ் சில கார்களில் அதைப் பொருத்திப் பார்த்தது.

இனி எங்கள் கார்களோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விடயம். 2014 செப்ரெம்பரில் புளோரிடா மாநிலத்தின் ஒர்லாண்டோவில் நடந்த கார் விபத்தொன்றில் சிக்கிய ஒரு பெண் பின்னர் இறந்தார். அவரது கழுத்தில் இருந்த காயங்களைப் பார்த்த பொலிஸார், யாரோ கத்தியால் குத்தியிருக்கிறார்கள் என்று முதலில் சந்தேகித்தார்கள். சில நாட்களின் பின் அவரது முகவரிக்கு ஹொண்டா நிறுவனத்தின் கடிதம் வந்தது: உங்கள் காரின் காற்றுப்பையை மாற்ற வேண்டும், கொண்டுவாருங்கள். அவரைக் கொன்றது, வெடித்துச் சிதறிய பைக் குப்பியின் உலோகத் துண்டுகள். உடம்புக்குள் ஷெல் துண்டுகளோடு வாழும் பலர் எங்கள் நடுவில் இருக்கிறார்கள். அந்தக் காயம் எப்படியிருந்திருக்கும் என்று இங்கே விளக்கத் தேவையில்லை.

அந்தக் குப்பிகளைச் செய்தது டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனம். அதில் பயன்பட்ட இரசாயனம் அமோனியம் நைத்திரேற்று. 2020 ஓகஸ்டில் பெய்ரூத் துறைமுகத்தைத் தகர்த்த அதே பொருள். மலிவானது, ஆனால் ஈரத்தை உறிஞ்சும். வெயிலில் சூடாகி இரவில் குளிரும் காருக்குள் ஆண்டுக்கணக்காக இருக்கும்போது அதன் வில்லைகள் தளர்ந்து பொருபொருத்துவிடும். பிறகு பற்றவைத்தால் நிதானமாக எரியவேண்டியது ஒரேயடியாக எரிந்து உருக்குக் குப்பியையே உடைக்கும். யூரியாப் பைக்குக்கூட வடக்குக்குத் தடை இருந்த காலத்தைக் கண்டவர்கள் நாங்கள். அதே உரக் குடும்பத்துப் பொருள் எங்கள் நெஞ்சுக்கு நேரே ஸ்டியரிங்குக்குள் வந்து உட்கார்ந்ததை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6 கோடியே 70 இலட்சம் குப்பிகள் மீள அழைக்கப்பட்டன. அங்கே 25 பேருக்கும் அதிகமானோர் இறந்தனர். புளோரிடா, ஹவாய், புவேர்ட்டோ ரிக்கோ போன்ற வெக்கையும் ஈரப்பதனும் கூடிய இடங்களுக்கு முன்னுரிமை கொடுக்கப்பட்டது. எங்களைப் போன்ற காலநிலை கொண்ட மலேசியாவிலும் ஹொண்டா சிற்றி கார்களில் 2014இலும் 2016இலும் இறப்புகள் நிகழ்ந்தன. டகாட்டா 2017இல் குற்றத்தை ஒப்புக்கொண்டது, அதே ஆண்டு ஜூனில் வங்குரோத்தானது. குப்பிகள் வங்குரோத்தாகவில்லை. கொரோலா, விட்ஸ், ஃபிட், சிவிக் எனப் பல மாடல்களின் 2000ஆம் ஆண்டுகளிலும் 2010களின் தொடக்கத்திலும் வந்த தயாரிப்புகள் இந்த மீளழைப்பில் அடங்கும். அவற்றில் பலவற்றை நாங்கள் இன்னும் ஓட்டுகிறோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை தனியார் கார்கள் வராதிருந்ததால் பழைய கார்களின் ஆயுள் நீண்டது. கைமாறும் தடவைகளும் கூடின. மீளழைப்புக் கடிதம் வந்தாலும் ஜப்பானில் இருக்கும் முதல் உரிமையாளருக்குத்தான் வரும். டொயோட்டா, ஹொண்டா, நிசான் நிறுவனங்களின் ஜப்பானிய இணையத்தளங்களில் சாசி இலக்கத்தைக் கொடுத்தால் உங்கள் கார் பட்டியலில் உள்ளதா என்று அறியலாம். பக்கங்கள் ஜப்பானிய மொழியில்தான் இருக்கும். கைபேசியின் மொழிபெயர்ப்பு அதற்குப் போதும்.

அன்றாடக் கவனிப்புகள் சில. ஸ்டியரிங்கின் நடுப்பகுதிக்கும் உங்கள் நெஞ்சுக்கும் இடையில் குறைந்தது 25 சென்ரிமீற்றர் இருக்கட்டும். டாஷ்போட்டில் பை இருக்கும் மூடியின் மேல் பிள்ளையாரையோ மாதா சொரூபத்தையோ ஒட்டாதீர்கள். பை விரிந்தால் அது முகத்துக்குத்தான் வரும். வேறு இடத்தில் வையுங்கள், சாமி கோபிக்காது. அங்கே காலைத் தூக்கி வைக்கவும் கூடாது. ஆசனத்தின் பக்கவாட்டில் பை உள்ள காருக்குத் தடித்த சீற் கவர் போட்டால் அது கிழித்து வெளியே வரமுடியாது. இரவில் வெளிச்சமின்றி ஓரத்தில் நிற்கும் டிப்பரின் பின்னால் கார் நுழைந்தால், அதன் தட்டு கண்ணாடி உயரத்தில்தான் மோதும். கீழேயுள்ள உணரிகள் பிந்தி உணரலாம். அங்கே பையை நம்ப முடியாது.

இன்னொன்று. பை விரியும்போது பெரும் வெடிச்சத்தம் கேட்கும், வெடிமருந்து மணம் வரும், வெள்ளைப் புகைபோல ஒன்று காருக்குள் நிறையும். குண்டுச்சத்தங்களுக்குள் வாழ்ந்தவர்களுக்கு அந்தக் கணம் எதை நினைவூட்டும் என்று ஊகிக்கலாம். கார் தீப்பற்றிவிட்டது என்று பதறிப் பாய்ந்து, பின்னால் வரும் வாகனத்தில் அடிபடும் அபாயம் உண்டு. அந்தப் புகையில் பெரும்பகுதி பையை மடிக்கும்போது தூவிய மாவும் எரிந்த இரசாயனத்தின் தூசும்தான். கண் எரியும், இருமல் வரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குச் சிரமம் தரும். கண்ணாடியை இறக்கி, வீதியைப் பார்த்து இறங்கலாம்.

அத்தானின் காருக்கு வருவோம். சாவியைத் திருப்பியதும், பையோடு இருக்கும் ஒரு மனித உருவத்தின் சிவப்பு விளக்கு டாஷ்போட்டில் சில செக்கன்கள் எரிந்து அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் பிழை. எரியவே எரியாவிட்டாலும் பிழைதான், யாரோ விளக்கைக் கழற்றியிருக்கலாம். அத்தானின் காரில் அது ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணைந்தது. ஆனால் வேறொரு திருத்தத்துக்காகக் கராஜ்காரர் ஸ்டியரிங் மூடியைக் கழற்றியபோது உள்ளே பை இல்லை. மஞ்சள் வயரின் முனையில் சிறிய மின்தடை ஒன்று செருகப்பட்டிருந்தது. பை இருப்பதாகக் கணினியை நம்பவைக்க அது போதும். எப்போதோ ஒரு விபத்தில் பை விரிந்திருக்கிறது. ஒருமுறை விரிந்த பையைத் திரும்ப மடித்து வைக்க முடியாது, முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும், அதற்குச் செலவு அதிகம். புதிய மூடி மட்டும் மலிவு. இடதுபக்க மூடிக்குள்ளும் அதே கதை.

விற்றவரிடம் கேட்டபோது, தனக்கும் இப்படித்தான் விற்றார்கள் என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். உடைத்த கார்களிலிருந்து எடுத்த பை ஒன்றைக் குறைந்த விலைக்குப் போட்டுத் தருவதாக ஒருவர் முன்வந்தார். அது எந்த ஆண்டுக் குப்பி, யார் செய்தது என்று கேட்டோம். தெரியாது என்றார். அத்தான் வேண்டாம் என்றுவிட்டார். இப்போது அந்தக் காரில் முன்னாலும் பின்னாலும் எல்லோரும் பட்டி போட்ட பிறகே அவர் சாவியைத் திருப்புகிறார். சிவப்பு விளக்கு இன்னமும் எரிந்து அணைகிறது.