காது முளைத்த எஞ்சின்

டர்போ என்ன செய்கிறது தெரியுமா? வெளியேறும் புகையால் டர்பைனைச் சுற்றவிட்டு, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிறது. அளவு மீறினால் 'நாக்கிங்'. அப்புறம் பிஸ்டன் காலி!

அதைத் தடுக்கத்தான் வேஸ்ட்கேட். அழுத்தம் ஏறியதும் புகையை டர்பைன் பக்கம் விடாமல் ஒதுக்கும் குட்டிக் கதவு. ஸ்வீடனின் ஸாப் கம்பெனி 1977-ல் காட்டிய '99 டர்போ'வில் இது இருந்தது. ஆனால், ஸ்பிரிங் கதவுக்கு நல்ல பெட்ரோல், மட்ட பெட்ரோல் வித்தியாசம் தெரியாதே! மட்டமானதற்குப் பயந்து, அழுத்தத்தை அடக்கியே வைக்கவேண்டிய கட்டாயம்.

பெர் கில்பிரான்ட் என்ற எஞ்சினீயரும் சகாக்களும் எஞ்சினுக்குக் காது வைத்தார்கள். 1982 மாடல் ஸாப் டர்போவில் வந்த அந்த ஏற்பாட்டின் பெயர் ஏ.பி.சி. நாக்கிங் சத்தம் கேட்டால் சென்சார் தகவல் சொல்லும். மின்வால்வு கதவைத் திறக்கவைக்கும். சத்தம் அடங்கினால் மறுபடி மூடிக்கொள்ளும். பெட்ரோல் தாங்குகிற வரை முழு பலம்!

இன்று உங்களை 'விர்'ரென்று முந்திப்போகும் டர்போ பெட்ரோல் காருக்குள்ளும் இப்படியொரு காது ஒட்டுக்கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.