டொனால்ட் கீன் (1922–2019)

ஜப்பானிய இலக்கியத்தை ஆங்கில உலகுக்குக் கொண்டுசென்ற அறிஞர்களில் முதன்மையானவர். நியூயார்க்கில் பிறந்தவர். 1940இல் டைம்ஸ் சதுக்கப் புத்தகக் கடையொன்றில், விலை மலிவு என்பதற்காகவே ஜப்பானியச் செவ்வியல் புதினமான ‘கெஞ்சியின் கதை’யின் ஆர்தர் வேலி மொழிபெயர்ப்பை வாங்கினார், ஈடுபாடு அங்கே தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைக்காக, மாண்ட ஜப்பானிய வீரர்களின் நாட்குறிப்புகளைப் படித்தார். இரத்தக்கறை படிந்த அந்த ஏடுகளில் பசியும் வீட்டு நினைவும் எழுதப்பட்டிருந்தன. பின்னாளில் நாட்குறிப்பை ஓர் இலக்கிய வகையாகவே அவர் ஆராய்ந்ததற்கு வேர் இங்கேதான். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் கற்பித்தார். சிக்கமாட்சு, பாஷோ, மிஷிமா என ஜப்பானிய எழுத்தாளர்கள் பலரை மொழிபெயர்த்தாலும், பல தொகுதிகளில் எழுதிய ஜப்பானிய இலக்கிய வரலாறே பெரும்பணி. 2011இல் ஜப்பானைத் தாக்கிய நிலநடுக்கத்துக்குப் பின் டோக்கியோவிலேயே நிலையாகக் குடியேறி, 2012இல் ஜப்பானியக் குடியுரிமை பெற்றார்.