நீங்கள் ‘பிகாட்’டா?

ஆங்கிலம் தெரிந்த ஒருவரைப் பார்த்து ‘பிகாட்’ என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர முடியாது. ‘தான் பிடித்த முயலுக்கு மூணே கால்’ என்று சாதிக்கிற வறட்டுப் பிடிவாதக்காரர் என்று அர்த்தம். சுத்தமான வசவு.

ஆனால், 1944-ம் வருடத்தின் முதல் சில மாதங்களில் லண்டனில் ராணுவ அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்து, மிகுந்த மரியாதையோடு, தாழ்ந்த குரலில் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ‘நீங்கள் பிகாட்டா?’

ஆமாம் என்றால் பேச்சு தொடரும். இல்லை என்றால், ‘இன்றைக்கு மழை வரும்போல இருக்கிறதே’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். மற்றபடி கப்சிப்.

விஷயம் இதுதான். ஹிட்லரின் பிடியில் இருந்த பிரான்சுக்குள் கடல் வழியாகப் புகுந்துவிடுவது என்று நேச நாடுகள் முடிவு செய்திருந்தன. இறங்கப்போகும் இடம், நார்மண்டி. ஆனால் இங்கிலாந்துக்கு மிக அருகில் இருக்கும் கலே பகுதியில்தான் படை வந்து இறங்கும் என்று ஜெர்மானியர்கள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நினைப்பு கலையக்கூடாது. இடமும் தேதியும் வெளியே கசிந்தால் தீர்ந்தது கதை. முதல் நாளே கரையேற இருந்தவர்கள் சுமார் ஒன்றரை லட்சம் பேர். அத்தனை பேரும் துப்பாக்கி முனையில் போய் நிற்கவேண்டியதுதான்.

சரி, யாருக்கும் சொல்லாமல் இருந்துவிடலாமே? முடியாது. கடற்கரையின் மேப் வேண்டும். அலை எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று கணக்கு வேண்டும். எத்தனை கப்பல், எத்தனை டாங்கி, எத்தனை பேருக்குச் சாப்பாடு... எல்லாவற்றையும் யாராவது உட்கார்ந்து எழுதவேண்டும். இன்னொருவர் டைப் அடிக்கவேண்டும். மூன்றாமவர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடவேண்டும். யுத்தம் என்பது பாதி பீரங்கி என்றால் மீதி காகிதம்!

காகிதத்தின் தலையில் ‘ரகசியம்’ என்று முத்திரை குத்துவது அப்போதே பழைய சமாச்சாரம்தான். பிரிட்டிஷ்காரர்களின் உச்சகட்ட முத்திரை, ‘மோஸ்ட் சீக்ரெட்’. இரண்டு நாட்டு ராணுவமும் ஒன்றாக வேலை செய்யும்போது ஆளுக்கொரு முத்திரை இருந்தால் குழப்பம் அல்லவா? 1944-ல் இருவருமே ‘டாப் சீக்ரெட்’ என்பதற்கு வந்து சேர்ந்தார்கள்.

ஆனால் இந்த முத்திரையில் ஒரு ஓட்டை இருந்தது. விஷயம் எவ்வளவு பெரிய ரகசியம் என்று அது சொல்லும். யார் படிக்கலாம் என்று சொல்லாது. ‘டாப் சீக்ரெட்’ காகிதங்களைப் பார்க்கும் தகுதி ஆயிரக்கணக்கானவர்களுக்கு இருந்தது. அத்தனை பேருக்கும் நார்மண்டி தெரியவேண்டிய அவசியம் என்ன?

அங்கேதான் வந்தது ‘பிகாட்’. இந்தச் சொல் குத்தப்பட்ட காகிதத்துக்குத் தனியே ஒரு பெயர்ப் பட்டியல் உண்டு. பட்டியலில் பெயர் இருந்தால் சாதாரண குமாஸ்தாகூடப் படிக்கலாம். இல்லையென்றால் ஜெனரலாகவே இருந்தாலும் வாசலோடு சரி. பதவி பெரிதல்ல, வேலைக்குத் தேவையா என்பதே கேள்வி. கூடவே இன்னொரு சௌகரியம். விஷயம் தெரிந்தவர்கள் யார் யார் என்று எந்த நிமிடமும் எண்ணிப் பார்த்துவிடலாம்.

ஏற்பாடு அபாரம். ஆனால் மனிதர்கள்?

1944 மார்ச்சில் அமெரிக்காவில், சிகாகோ தபால் நிலையத்தில் ஒரு பார்சல் பிரிந்துபோனது. உள்ளே இருந்தவை, படையெடுப்பு பற்றிய காகிதங்கள். கிட்டத்தட்ட ஒரு டஜன் பேர் பார்த்துவிட்டார்கள். பார்சலை அனுப்பியவர், லண்டனில் இருந்த ஜெர்மன் வம்சாவளி அமெரிக்க சார்ஜென்ட். விலாசம், அவருடைய அக்கா வீடு. உளவாளிதான் என்று முடிவே கட்டியிருப்பீர்கள். அவர்களும் அப்படித்தான் பதறினார்கள். குடைந்து விசாரித்ததில் வெளிப்பட்டது அப்பாவித்தனமான உண்மை. அக்காவுக்கு உடம்பு சரியில்லை. அதே நினைப்பில் இருந்த மனிதர், களைப்பில் ஆபீஸ் விலாசத்துக்குப் பதில் அக்கா விலாசத்தை எழுதிவிட்டார். அவ்வளவுதான்!

ஏப்ரலில் அடுத்த இடி. லண்டனின் கிளாரிட்ஜஸ் ஹோட்டலில் அமெரிக்க விமானப் படையின் மேஜர் ஜெனரல் ஹென்றி மில்லர் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில், ஜூன் 15-க்குள் படையெடுப்பு நடந்துவிடும் என்று போட்டு உடைத்தார். நியாயமாகத் தன் வாய்க்கும் ஒரு முத்திரை குத்தியிருக்கவேண்டும். தலைமைத் தளபதி ஐசனோவரும் மில்லரும் ராணுவக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். அதெல்லாம் வேலைக்கு ஆகவில்லை. ஜெனரல் பதவி பறிபோனது. மூட்டை கட்டி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதே மாதம் 28-ம் தேதி விடிவதற்கு முன்னால் நடந்தது, நிஜமான சோகம். இங்கிலாந்தின் தென்மேற்கே லைம் வளைகுடாவில் படையெடுப்புக்கான ஒத்திகை. துருப்புகளை ஏற்றி வந்த கப்பல்களுக்கு நடுவே ஜெர்மன் டார்பிடோ படகுகள் புகுந்துவிட்டன. இரண்டு கப்பல்கள் மூழ்கின. சுமார் 750 அமெரிக்க வீரர்கள் செத்துப்போனார்கள். காணாமல்போனவர்களில் பத்து அதிகாரிகள், ‘பிகாட்’ பட்டியலில் இருந்தவர்கள்.

அந்தப் பத்து பேரும் இறந்துவிட்டார்களா, இல்லை, ஜெர்மன் படகு ஒன்று யாரையாவது உயிரோடு தூக்கிப் போயிருக்கிறதா? ஒருவர் சிக்கியிருந்தால்கூட மொத்தத் திட்டமும் பாழ். கடலைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். ஒவ்வொரு உடலாக அடையாளம் பார்த்தார்கள். கடைசியில் பத்து உடல்களும் கிடைத்தன. யோசித்துப் பாருங்கள். சக அதிகாரிகளின் பிணம் கிடைத்ததே என்று நிம்மதிப் பெருமூச்சு விடவேண்டிய கொடுமை!

ஜூன் 6 அன்று படை இறங்கியது. ஜெர்மானியர்கள் அதற்குப் பிறகும் கலேயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இது முத்திரை ஜெயித்த கதை. தோற்ற கதையும் உண்டு.

வியட்நாம் யுத்தத்துக்குள் அமெரிக்கா எப்படிப் போய் மாட்டிக்கொண்டது என்று அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையே ஓர் ஆய்வு நடத்தியது. 47 தொகுதிகள், சுமார் 7,000 பக்கங்கள். தலையில், ‘டாப் சீக்ரெட் – சென்சிடிவ்’. இந்த ‘சென்சிடிவ்’ என்பது சட்டப்படியான முத்திரையே அல்ல. சும்மா ஒரு கூடுதல் பூட்டு. காரணம், உள்ளே இருந்தது யுத்தத் திட்டமல்ல. மக்களிடம் அரசு ஒன்று சொல்லிவிட்டு வேறொன்று செய்த வரலாறு.

ஆய்வில் பங்கெடுத்த டேனியல் எல்ஸ்பெர்க்குக்கு மனசு கேட்கவில்லை. 1969 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு விளம்பர கம்பெனியின் ஜெராக்ஸ் மெஷினில், ராத்திரி ராத்திரியாக நகல் எடுக்க ஆரம்பித்தார். ஒரு நாள் தன் பிள்ளைகளையும் கூட்டிப்போனார். 13 வயது மகன் நகல் எடுக்க, 10 வயது மகள் கத்தரிக்கோலால் ‘டாப் சீக்ரெட்’ என்ற வார்த்தைகளை வெட்டி எடுத்தாள். அமெரிக்க சாம்ராஜ்யத்தின் உச்சபட்ச முத்திரை, ஒரு சிறுமியின் கத்தரிக்கோலுக்குத் தாங்கவில்லை.

1971 ஜூன் 13 அன்று ‘நியூயார்க் டைம்ஸ்’ வெளியிடத் தொடங்கியது. அரசு கோர்ட்டுக்குப் போனது. ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் பத்திரிகைகள் பக்கம் நின்றது. இதில் உச்சம் எது தெரியுமா? அரசுக்காக அன்றைக்கு வாதாடிய எர்வின் கிரிஸ்வால்ட், 1989-ல் தானே ஒரு கட்டுரை எழுதினார். இந்த வெளியீட்டால் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து வந்ததற்கான சுவடே தெரியவில்லை, முத்திரையை வரைமுறை இல்லாமல் குத்தித் தள்ளுகிறார்கள் என்றார்.

பிரிட்டனுக்கும் பிற்பாடு இது உறைத்திருக்கவேண்டும். 2014-ல் முத்திரைகளை மூன்றாகக் குறைத்துக்கொண்டது.

இப்போது அதே முத்திரை உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது. மெயில் அனுப்பும்போது, ‘பொது’, ‘அலுவலகத்துக்குள்’, ‘ரகசியம்’, ‘மிக ரகசியம்’ என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. கத்தரிக்கோல் இதனிடம் பலிக்காது. முத்திரை ஃபைலுக்குள்ளேயே பதிந்து, போகிற இடமெல்லாம் கூடப் போகும். வேறொருவருக்கு ஃபார்வேர்ட் செய்யாதே, பிரின்ட் எடுக்காதே என்று தடுக்கும்படி செய்யலாம். சிகாகோ பார்சல் மாதிரி விலாசம் மாறிப் போனாலும், பெயர் இல்லாதவரால் திறக்க முடியாதபடி பூட்டலாம்.

ஆனால், திரையை செல்போனில் படம் எடுப்பவரை அது என்ன செய்யும்? கிளாரிட்ஜஸ் விருந்தில் வாய் திறப்பவரை? அதைவிடப் பெரிய ஆபத்து, கேன்டீன் மெனுவுக்கும் சம்பளப் பட்டியலுக்கும் ஒரே ‘ரகசியம்’ போடுவது. பத்து நாளில் அந்தச் சொல்லை யாரும் படிக்கமாட்டார்கள். மறைக்கவேண்டியதையும், மேலதிகாரிக்கு சங்கடமானதையும் ஒரே பூட்டால் பூட்டினால், ஒரு நாள் பூட்டின்மீதே மரியாதை போய்விடும்.

ஆகவே, அடுத்த தடவை அந்த பட்டனை அழுத்துமுன், இது எவ்வளவு பெரிய ரகசியம் என்று யோசிக்காதீர்கள். இது இல்லாமல் யாருக்கு வேலை ஓடாது என்று யோசியுங்கள். ‘பிகாட்’ பட்டியல் போட்டவர்கள் அதைத்தான் செய்தார்கள்.