சதுர நடனக் கழகங்களில் உறுப்பினர் சேர்ப்பு

சதுர நடனக் கழகங்களில் உறுப்பினர் சேர்ப்பு என்பது, புதியவர்களைச் சதுர நடனத்திற்கு ஈர்த்து, பயிற்சி அளித்து, தொடர்ந்து ஆடுபவர்களாகத் தக்கவைத்துக் கொள்ள அக்கழகங்கள் மேற்கொள்ளும் முயற்சிகளைக் குறிக்கும். ஐக்கிய அமெரிக்காவில் உருவான தற்கால மேற்கத்திய சதுர நடனம் கனடா, செருமனி, சுவீடன், சப்பான் முதலிய நாடுகளிலும் ஆடப்படுகிறது. அமெரிக்காவில் கழகங்களின் எண்ணிக்கையும் ஆடுவோர் எண்ணிக்கையும் 20ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலிருந்து குறைந்து வந்துள்ளன. எனவே உறுப்பினர் சேர்ப்பு, கழகங்கள் நிலைத்திருப்பதற்கே இன்றியமையாததாகக் கருதப்படுகிறது.

நடன அமைப்பு

நான்கு இணைகள், அதாவது எட்டுப் பேர், சதுரத்தின் நான்கு பக்கங்களில் நின்று இந்நடனத்தை ஆடுவர். அழைப்பாளர் எனப்படுபவர் இசைக்கேற்பக் கட்டளைகளைக் கூற, ஆடுபவர்கள் அவற்றை உடனுக்குடன் நிறைவேற்றுவர். கட்டளைகளின் வரிசை முன்கூட்டியே ஆடுபவர்களுக்குத் தெரியாது. ஒருவர் தடுமாறினாலும் சதுரம் முழுவதும் குலைந்துவிடும். ஆதலால் ஒவ்வொருவரும் எல்லாக் கட்டளைகளையும் நன்கு அறிந்திருக்க வேண்டும்.

எட்டின் மடங்காக ஆட்கள் இல்லாவிடில் சிலர் வெளியே அமர நேரிடும். பதினைந்து பேர் வந்தால் ஒரு சதுரம் மட்டுமே அமையும்; ஏழு பேர் காத்திருக்க வேண்டும். எனவே சிறிய கழகமொன்றில் ஓரிருவர் விலகுவதும் பெரிய இழப்பாகும்.

வரலாறு

1920களில் என்றி ஃபோர்டு பழைய நடனங்களை மீட்டெடுக்க முயன்றார். கொலராடோவைச் சேர்ந்த லாயிட் சா 1939இல் வெளியிட்ட கௌபாய் டான்சஸ் என்னும் நூல் சதுர நடனத்தைப் பரவலாக்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஒலிபெருக்கியும் இசைத்தட்டும் துணைநிற்க, கழகங்கள் பெருகின. 1974இல் நிறுவப்பட்ட காலர்லேப் என்னும் அழைப்பாளர் சங்கம், கட்டளைகளைப் படிநிலைகளாக வகைப்படுத்தியது.

புதியவர்கள் குறைவதற்கான காரணங்கள்

மெயின்ஸ்ட்ரீம் என்னும் படிநிலையில் சுமார் 70 கட்டளைகள் உள்ளன. அதற்கு அடுத்த பிளஸ் படிநிலையில் மேலும் சுமார் 30 கட்டளைகள் சேர்கின்றன. பல கழகங்கள் பிளஸ் படிநிலையில் ஆடுவதால், புதியவர் பல மாதங்கள் வாரந்தோறும் வகுப்புக்கு வந்த பின்னரே அவற்றில் முழுமையாகக் கலந்துகொள்ள முடிகிறது. வகுப்புகள் பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் தொடங்கும். அப்போது சேரத் தவறியவர் பல இடங்களில் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க நேரிடும். மரபான ஆடை விதிகளும், இணையோடுதான் வரவேண்டும் என்ற எதிர்பார்ப்பும் சிலரைத் தயங்கச் செய்தன.

ஈர்க்கும் வழிகள்

- நண்பர், உறவினர், உடன் பணிபுரிவோர் ஆகியோரை நேரில் அழைத்தல்.
- முன்பயிற்சி தேவைப்படாத அறிமுக நடன மாலைகளை நடத்துதல்.
- சந்தைகளிலும் ஊர்த் திருவிழாக்களிலும் ஆடிக் காட்டுதல்.
- ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை வகுப்புகளைத் தொடங்குதல்.
- ஓரிரு வார இறுதிகளில் பாடங்களைச் செறிவாகக் கற்பித்தல்.
- தனியாக வருபவர்களையும் சேர்த்துக் கொள்ளுதல். ஆடை விதிகளைத் தளர்த்துதல்.

தக்கவைத்தல்

வகுப்புகளில் அனுபவமிக்கோர் புதியவர்களுடன் ஒரே சதுரத்தில் நின்று உதவுவர். இவர்கள் ஏஞ்சல்கள் என அழைக்கப்படுகின்றனர். அழைப்பாளர் கற்பித்துக் கொண்டிருக்கும்போது இவர்களும் பேசத் தொடங்கினால் புதியவர் குழம்புவார் என்பதால், சரியான இடத்தில் நின்று கையால் குறிப்புக் காட்டுவதே போதுமானதாகக் கருதப்படுகிறது.

வகுப்பை முடித்தவர் கழகத்தின் வழக்கமான நடனத்திற்கு வரும் முதற்சில வாரங்கள் முக்கியமானவை. வகுப்பில் மெதுவாக ஆடிப் பழகியவர், அங்கு வேகமான கட்டளைகளை எதிர்கொள்கிறார். தம்மால் ஏழு பேரின் ஆட்டம் கெடுகிறது என்ற எண்ணம் ஏற்பட்டால் அவர் விலகிவிடக்கூடும். எளிய சுற்றுகளை இடையிடையே சேர்த்தல், தவறுகளை நகைப்புடன் ஏற்றல், இடைவேளைகளில் புதியவர்களுடன் உரையாடல் ஆகியன இதற்குத் தீர்வாக உள்ளன.

கருத்து வேறுபாடுகள்

சுமார் 50 கட்டளைகளை மட்டும் கொண்ட சோசியல் ஸ்கொயர் டான்சிங் என்னும் திட்டத்தைக் காலர்லேப் பின்னாளில் அறிமுகப்படுத்தியது. இதனைச் சில மாதங்களிலேயே கற்றுக்கொள்ளலாம். எனினும், கட்டளைகளைக் குறைத்தால் நீண்ட காலம் ஆடியவர்களுக்குச் சலிப்பு ஏற்படும் என்ற எதிர்ப்பும் உண்டு. தெரிந்த கட்டளைகளையே புதிய நிலைகளிலிருந்து ஆடச் செய்து அச்சலிப்பைப் போக்கலாம் என்பது மாற்றுக் கருத்தாகும். 2020இல் கொரோனா பெருந்தொற்றால் நடன நிகழ்வுகள் நின்றுபோன பின்னர், இவ்விவாதம் மேலும் முக்கியத்துவம் பெற்றது.

இவற்றையும் பார்க்கவும்

- நாட்டார் நடனம்
- கோலாட்டம்