மின்பியானோவின் தொனி: ஒரு வரலாற்று நோக்கு

இசைக்கருவியொன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதனை ஆக்கியவரின் நோக்கத்திலிருந்து தொடங்குவது வழக்கம். மின்பியானோவைப் பொறுத்தவரை இவ்வழக்கம் அதிகம் உதவாது. பியானோவுக்கு மாற்றாக எழுந்து, பியானோவைப் போல் ஒலிக்கத் தவறி, அத்தவறுதலினாலேயே தனக்கெனக் குரல் பெற்ற கருவி அது.

இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க இராணுவ விமானப்படையிற் பணியாற்றிய பியானோ ஆசிரியர் ஹறோல்ட் றோட்ஸ், காயமுற்றுப் படுக்கையிற் கிடந்த வீரருக்கு இசை பயிற்ற விரும்பினார். குண்டுவீச்சு விமானங்களிலிருந்து கழிக்கப்பட்ட அலுமினியக் குழாய்களைக் கொண்டு 29 சுரங்களையுடைய சிறு கருவியொன்றை அவர் அமைத்தார். போரின் பின்னரே மின்சாரம் அதனுட் புகுந்தது. 1959 இல் பென்டர் நிறுவனத்துடன் அவர் இணைந்தார். 1965 இல் அந்நிறுவனத்தைச் சீ.பி.எஸ். வாங்கிய பின்னர் 73 கட்டைகளையுடைய கருவி சந்தைக்கு வந்தது.

றோட்ஸ் கருவியில் நீண்ட தந்திகள் இல்லை. கட்டையை அழுத்தும்போது சுத்தியல் மெல்லிய உருக்குக் கம்பியொன்றைத் தட்டுகிறது. கம்பியும் அதன் மேலுள்ள உலோகச் சட்டமும் சேர்ந்து இசைக்கவை போல் அதிர, எதிரேயுள்ள காந்தமும் சுருளும் அவ்வதிர்வை மின்னோட்டமாக்குகின்றன. தொனியின் இரகசியம் இவ்விடத்திலேயே உள்ளது. கம்பியின் நுனி காந்தமுனைக்கு நேரெதிரே நின்றால், ஓர் அதிர்வில் இருமுறை அம்முனையைக் கடக்கும். எனவே ஒரு ஸ்தாயி மேலான ஒலி மேலோங்கும். சிறிது விலகி நின்றால் அடிப்படைச் சுரம் வலுப்பெறும். காந்தத்தை நெருக்கினால், வன்மையாக வாசிக்குமிடத்து உறுமலும் கரகரப்பும் தோன்றும். விலக்கினால் மணியோசை போன்ற மென்மை கிட்டும். இவையனைத்தும் சில திருகாணிகளின் வேலை. ஆதலின் ஒரே ஆண்டில் ஒரே தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த இரு கருவிகளும் ஒரே குரலில் பேசவேண்டியதில்லை.

இதற்கு முந்தியது வேர்லிற்சர் கருவி. 1950களின் நடுப்பகுதியில் வெளிவந்த இதற்கு அடிப்படையானவை பெஞ்சமின் மீஸ்னரின் ஆய்வுகள். இதில் அதிர்வது உருக்கு நாக்கு. அதன் நுனியிலுள்ள ஈயப்பற்றைக் கூட்டியோ அராவியோ சுருதி சேர்ப்பர். ஆர்மோனிய நாக்கைச் சுரண்டிச் சுருதி சேர்ப்போருக்கு இது விந்தையாகத் தோன்றாது. 1959 இல் றேய் சாள்ஸ் வெளியிட்ட ‘வாட்ட் ஐ சே’ என்ற பாடல் இக்கருவியின் முரட்டுக் குரலை உலகறியச் செய்தது. 1968 இல் மைல்ஸ் டேவிஸின் குழுவில் ஹேபி ஹான்கொக் றோட்ஸை வாசித்தபின், ஜாஸ் இசைஞரும் மின்பியானோவைப் பியானோவின் பதிலியாகக் கருதுவதைக் கைவிடலாயினர்.

1983 இல் யமஹாவின் டீ.எக்ஸ். 7 வந்தது. ஓர் அலையின் மீடிறனை மற்றோர் அலையால் விரைந்து மாற்றிப் புதுத்தொனி படைக்கும் இம்முறையை, ஜோன் சௌனிங் 1967 இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்திற் கண்டறிந்திருந்தார். அதன் மின்பியானோத் தொனி கண்ணாடி போல் தெளிவானது; கருவியோ ஒருவர் தூக்கத்தக்கது. கனத்த றோட்ஸைச் சுமந்து சலித்தோர் அதனை நாடியதிற் குற்றங்காண முடியாது. அடுத்த சில ஆண்டுகளில் றோட்ஸின் உற்பத்தி நின்றது. 1987 இல் அப்பெயரை வாங்கிய றோலன்ட் நிறுவனம் இலக்கமுறைக் கருவிகளுக்கு அதனைச் சூட்டியது. ஹறோல்ட் றோட்ஸ் அவற்றை ஏற்கவில்லை. 1997 இல் பெயருரிமையை மீளப்பெற்ற அவர் 2000 இல் மறைந்தார்.

பின்வந்த இலக்கமுறைக் கருவிகள் பலவும் பழைய கருவிகளின் ஒவ்வொரு சுரத்தையும் வெவ்வேறு வன்மையிற் பதிவுசெய்து தருகின்றன. அவை தருவது றோட்ஸின் தொனியென்பது முழுவுண்மையன்று. யாரோ ஒருவர் ஒருநாள் திருகாணி முறுக்கி அமைத்த ஒரு றோட்ஸின் தொனியே அது. மேலும், முற்காலச் சுத்தியல்களின் முனை கம்பளியாலானது. 1970 அளவில் இறப்பராயிற்று. இவற்றுள் எதனை மூலமெனக் கொள்வது? அதிர்வையே கணித்து ஒலியாக்கும் மென்பொருள்கள் இவ்வகையில் வரலாற்றுக்கு நெருங்கியவை என்பது என் கருத்து. அவற்றுட் சிலவற்றில், கம்பிக்கும் காந்தத்துக்குமிடையிலான தூரத்தைக் கணினித் திரையிலேயே கூட்டிக் குறைக்கலாம்.