வரவு, வழங்கல், இருப்பு

அரசு அலுவலகங்களின் இருப்புப் பதிவேட்டில் வரவு, வழங்கல், இருப்பு என்று மூன்று பத்திகள் உண்டு. உர மூட்டையும் விதைப் பையும் ஏறும் அதே பதிவேட்டில் அச்சிட்ட தாளும் ஏறும். சில ஆண்டுகளுக்கு முன், தாமிரபரணிக் கரையூர் ஒன்றின் வேளாண் விரிவாக்க மையத்தில் அப்படியொரு பதிவேட்டைப் புரட்டும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. பழைய துண்டு வெளியீடுகள் ஏதேனும் அகப்படுமா என்று தேடிப் போயிருந்தோம். வெளியீட்டின் பெயர், வந்த படிகள், கொடுத்த படிகள், கடைசிப் பத்தியில் சுழி. பக்கம் பக்கமாக அதே சுழி. அலுவலர் சற்றே பெருமையோடுதான் காட்டினார். அவரைக் குறை சொல்ல இடமில்லை. இருப்பு சுழியாவதே விநியோகம் ஒழுங்காக நடந்ததற்கு அடையாளம். ஆனால் நமக்கு வேண்டியிருந்தது அந்தக் கடைசிப் பத்தியில் ஒரேயொரு படி.

இக்கட்டுரை அந்தச் சுழியைப் பற்றியது. உழவனுக்கென்று தமிழில் அச்சான உரைநடைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. நம் உரைநடை வரலாற்று நூல்கள் பாதிரிமாரையும் பாடநூல்களையும் நாவலையும் பேசிய அளவுக்கு இதைப் பேசியதில்லை. பேசுவதற்குப் படிகள் கையில் இருக்க வேண்டுமே!

தாது வருடப் பஞ்சத்திற்குப் பின் அமைந்த பஞ்சக் குழு, 1880இல் மாகாணந்தோறும் வேளாண் துறை வேண்டும் என்று பரிந்துரைத்தது. சென்னை மாகாணத்தில் 1882இல் துறை பிறந்தது. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் கரிசல் நிலத்திற்காகக் கோவில்பட்டியில் 1901இல் ஆய்வுப் பண்ணை அமைந்தது. நஞ்சைக்கு அந்தப் பேறு கிட்ட மேலும் முப்பத்தாறு ஆண்டுகள் ஆயின. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937இல்தான் வந்தது. பண்ணையில் கண்டறிந்ததை ஊருக்குச் சொல்வது எப்படி என்ற கேள்வி தொடக்கத்திலேயே எழுந்துவிட்டது. துறை மூன்று வழிகளைக் கையாண்டது: வயலில் செய்துகாட்டும் ஊழியர், துண்டு வெளியீடு, ஆண்டுதோறும் ஆங்கிலத்திலும் மாகாண மொழிகளிலும் வந்த கிராமத்தார் நாட்காட்டி. மூன்றாவதைக் கண்டுபிடித்தவர் நம் ஊர் மனத்தை அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும். துண்டுத்தாள் அன்று மாலையே பொட்டலமாகும். பஞ்சாங்கம் ஓராண்டாவது இறவாணத்தில் செருகியிருக்கும்.

இங்கே ஒரு பிரிவினையைக் கவனிக்க வேண்டும். கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியினர் 1911இல் மாணவர் சங்கம் கண்டனர். அதன் ஆங்கில ஆய்விதழ் இன்றும் வருகிறது. அதன் பழைய தொகுதிகளைத் தேடிப் படிக்கலாம். துறையின் ஆண்டறிக்கைகளும் ஆங்கிலமே, அவையும் கிடைக்கின்றன. அதிகாரிகள் தமக்குள் பேசிக்கொண்டது தைத்து, அட்டையிட்டு, நூலகம் ஏறியது. உழவனிடம் தமிழில் பேசியது தனித்தாளாக வயலுக்குப் போயிற்று. 1954இல் வந்த நூல் ஒப்படைப்புச் சட்டம் சிறு வெளியீட்டையும் 'நூல்' என்றே வரையறுக்கிறது. அரசு வெளியீடுகளையும் அது விலக்கவில்லை. எனினும் விரிவாக்க அலுவலகத்துத் துண்டுத்தாளை யாரும் நூலாக எண்ணியதாகத் தெரியவில்லை, அதை எழுதியவர் உட்பட.

விநியோகத்தில் இன்னொரு சிக்கல், இந்தப் பள்ளத்தாக்கிற்கே உரியது. தாமிரபரணிப் பாசனத்தில் குறுவையும் தாளடியும் இல்லை. ஜூனில் தொடங்கும் காரும், அக்டோபரில் தொடங்கும் பிசானமும்தான். கோடைமேலழகியான் முதல் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள், ஏறத்தாழ 86,000 ஏக்கர். ஒரே ஆற்று நீர், என்றாலும் தலைமடையில் நடவு முடியும்போது கடைமடையில் நாற்றங்கால்கூட ஆகியிருக்காது. காவிரிப் படுகையை மனத்தில் வைத்து எழுதிய ஒரு தாள், "குறுவைக்கு ஏற்றது" என்று தொடங்கினால் ஆழ்வார்திருநகரிக்காரர் அதை எந்தப் பருவத்துக்கு என்று கொள்வது? நாற்றுக்குரிய அறிவுரை நடவு முடிந்தபின் வந்து சேர்ந்தால் அதற்கும் பொட்டலத் தாளுக்கும் என்ன வேறுபாடு? வெளியீட்டு மேலாண்மை என்பது கட்டுக்கட்டி அனுப்புவதோடு முடிவதில்லை. எந்தச் சொல்லில், எந்த மாதத்தில், எந்த மடைக்கு என்பதும் அதில் அடக்கம். அம்பாசமுத்திரத்தில் வெளியான ரகங்களை ஏ.எஸ்.டி. என்று துறை எழுத, ஊர் 'அம்பை 16' என்று சொல்லிக்கொண்டது. 1986இல் வந்த அந்த நெல்லைப் பரப்பியதில் தாளைவிட அந்தப் பெயருக்கே பங்கு அதிகம் என்பது நம் கருத்து.

இனி அந்தச் சுழியின் விலையைப் பார்ப்போம். குத்துக் குத்தாக நாற்றை அள்ளி நடாமல் ஒற்றை நாற்றாக, இடைவெளி விட்டு நட்டால் விதையும் மிச்சம், விளைச்சலும் கூடும் என்ற செய்தியைச் சென்னை மாகாண வேளாண் துறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பரப்ப முனைந்தது. அதைப் பற்றித் தமிழில் 1911இல் கட்டுரைகள் அச்சாகியுள்ளன. கஜக்கோல் வைத்து வரிசை பிடித்து நடும் 'கஜ நடவு' என்ற பெயரும் அன்றே புழங்கியிருக்கிறது. பிறகு அது மறைந்தது. ஆள் கூலி, களைத் தொல்லை, ஒற்றை நாற்று பட்டுப்போனால் இடம் வெறுமையாகிவிடும் என்ற அச்சம் என உழவர் கைவிட்டதற்குக் காரணங்கள் இருக்கலாம். நம்மை உறுத்துவது வேறு. உழவர் கைவிட்டதோடு, துறையும் தான் சொன்னதை மறந்தது.

1983இல் மடகாஸ்கர் தீவில், ஹென்றி டி லொலானி என்ற பிரெஞ்சு இயேசு சபைத் துறவி இளநாற்றை ஒற்றையாக, அகல இடைவெளியில் நட்டு, நீரைக் காயவிட்டுப் பாய்ச்சும் முறையை உருவாக்கினார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் அதை உலகெங்கும் எடுத்துச் சென்றனர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2003–04இல் அதை உழவர் வயல்களில் சோதித்தது. களங்கள் இரண்டு: காவிரிப் படுகையில் நூறு வயல்கள், தாமிரபரணிப் படுகையில் நூறு வயல்கள். நம் ஆற்றங்கரையில் ஹெக்டேருக்குச் சராசரியாக ஒன்றரை டன் அளவுக்குக் கூடுதல் விளைச்சல் கண்டார்கள். 'செம்மை நெல் சாகுபடி' என்ற அழகிய பெயரும் கிடைத்தது. அதற்கும் துண்டு வெளியீடுகள் அச்சாகி வந்தன.

1911இன் கட்டுரைகள் பின்னர் ஆய்வாளர்களால் கண்டெடுக்கப்பட்டன என்பது மகிழ்ச்சிக்குரியது. இரண்டும் ஒன்றே என்று நாம் சொல்ல வரவில்லை. நாற்றின் வயதும் நீர் மேலாண்மையும் களைக்கருவியும் புதியவை. "இதெல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது" என்று மார்தட்டுவதிலும் நமக்கு விருப்பமில்லை. ஆனால் ஒற்றை நாற்றை முதன்முறை ஏன் கைவிட்டார்கள் என்ற உழவரின் மறுமொழி ஒரு கோப்பில் இருந்திருந்தால், இரண்டாம் முறை சொல்லப் போனவர்க்கு எவ்வளவு பயன்பட்டிருக்கும்! வழங்கல் பத்தியில் எண்ணிக்கை எழுதிய துறை, தாளைப் பெற்றவர் என்ன சொன்னார் என்று எழுத நான்காவது பத்தி ஒன்றை வைக்கவில்லை.

தமிழ் படித்தவர்க்கு இங்கே முக்கூடற் பள்ளு நினைவுக்கு வரும். சீவலப்பேரி அருகே சிற்றாறு தாமிரபரணியில் கலக்கும் இடமே அதன் களம். நெல் வகை, மாட்டு வகை, ஏர் உறுப்பு என்று அது அடுக்கிக்கொண்டே போகும். பாடியவர் பெயர் தெரியாது. ஆயினும் நெல்லின் பெயர்கள் நமக்குத் தெரியும். பாட்டாகப் பாடினார்கள், கூத்தாக ஆடினார்கள், ஓலை செல்லரித்தால் மறுபடி எழுதிக்கொண்டார்கள். பழைய ஏடு தேடி ஆழ்வார்திருநகரி வரை வந்த உ.வே.சாமிநாதையருக்குக் கவிராயர் வீடுகளில் சுவடிகள் கிடைத்தன. நம் காலத்து ஐம்பது ஆண்டுத் தாளைத் தேடிப் போன நமக்குப் பதிவேட்டில் சுழி கிடைத்தது.

வானொலியும் தன் பங்கைச் செய்தது. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963இல் தொடங்கியது. தஞ்சைப் பக்கத்தில் ஏ.டி.டி. 27 என்ற நெல்லுக்கு, ஒலிபரப்பால் பரவியமையின், 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்தது. தமிழக அரசின் 'உழவன்' செயலி 2018இல் வந்தது. தாள் கிழிந்தாவது கிடக்கும். செயலியில் நேற்றைய அறிவிப்பை இன்றைய அறிவிப்பு அழித்துவிட்டால் கிழிசல்கூட மிஞ்சாது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் நூல்களோடு திருமண அழைப்பையும் நோட்டீசையும் சேர்த்துவைத்தார். அத்தகைய கிறுக்கு ஒருவர் மாவட்டத்திற்கு ஒருவரேனும் வேண்டும்.

அன்று வெறுங்கையோடு திரும்பினோம். பின்னர் சேரன்மகாதேவிப் பக்கம் முதியவர் ஒருவர் வீட்டில், தகரப் பெட்டியில், பழைய பஞ்சாங்கங்களுக்கு நடுவே ஐந்து துண்டு வெளியீடுகள் இருப்பதாக மாணவர் ஒருவர் சொல்லிப் போனோம். நான்கில் ஆண்டு அச்சிடப்படவில்லை. ஐந்தாவது நெற்பயிருக்கு உரமிடுவது பற்றியது. ஓரத்தில் பென்சிலால், பிசானத்துக்கு இட்ட மூட்டைக் கணக்கும், அதன் கீழே 'சொன்ன அளவு நம் வயலுக்கு அதிகம், பயிர் சாய்ந்துவிட்டது' என்றும் எழுதியிருந்தது. பெட்டியை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை. படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார், எடுத்துக்கொண்டோம்.