ஒரு டாலர் காமிராவின் வரலாறு

தம் உருவத்தைச் சந்ததியார்க்கு விட்டுச் செல்லும் பேறு நெடுங்காலம் செல்வர்க்கே உரியதாயிருந்தது. அந்நிலையை மாற்றியது ஓர் அட்டைப்பெட்டி என்றால் நம்மிற் பலர் வியப்புறுவர்.

முற்காலத்தில் படம் பிடிப்போர் கண்ணாடித் தகடுகளையும் முக்காலியையும் சுமந்து திரிந்தனர். அமெரிக்காவின் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888-இல் வெளியிட்ட கோடக் காமிரா, நூறு படங்களுக்குரிய சுருளுடன் வந்து அச்சுமையைக் குறைத்தது. எனினும் அதன் விலை 25 டாலர். சாமானியர்க்கு எட்டாக் கனியே.

1900-ஆம் ஆண்டில், ஃபிராங்க் பிரௌனெல் வடிவமைத்த 'பிரௌனி' ஒரே டாலருக்கு விற்பனைக்கு வந்தது. ஆறு படங்களுக்கான சுருள் 15 சென்ட். சிறுவரையும் கருதிச் செய்யப்பெற்றதால், ஓவியர் பால்மர் காக்ஸ் வரைந்த குட்டிப் பூதங்களின் பெயரையே அதற்குச் சூட்டினர். கறுப்புறை ஒட்டிய கெட்டி அட்டைப்பெட்டி, ஒற்றை வில்லை, சுழலும் மூடி ஆகிய இவையே அதன் உறுப்புகள். தூரத்தைக் கணித்து வில்லையைத் திருப்ப வேண்டுவதில்லை. குறி பார்க்கும் கண்ணாடி முதலில் இல்லாமையால், பெட்டியின் மேலுள்ள கோடுகளைக் கொண்டே குறிவைத்தனர். நல்ல வெயிலும் நடுங்காத கையும் போதும், படம் விழும். முதலாண்டிலேயே ஒரு லட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று.

1912-இல் டைட்டானிக் மூழ்கியபோது, தப்பியோரை ஏற்றிய கார்பேதியா கப்பலில் பயணஞ்செய்த இளம்பெண் பெர்னிஸ் பால்மர், தம் பிரௌனியால் பனிமலையையும் பிழைத்தோரையும் படம் பிடித்தார். சாமானியர் கையும் சரித்திரத்தைப் பதிக்க வல்லது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1901-இல் வந்த 2-ஆம் எண் பிரௌனிக்கென்றே 120 என்னும் படச்சுருள் பிறந்தது. இந்தியாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் 3 காமிராவில் நம் பெற்றோர் பன்னிரண்டு சதுரப் படங்கள் எடுத்ததும் அதே வகைச் சுருளில்தான். அது இன்றும் உற்பத்தியாகி வருகிறது.

இடமாற்ற உத்தரவு வருந்தோறும் மூட்டை கட்டும் நமக்கு, ஊரில் விட்டுவந்த பெரியோரின் முகங்கள் அப்படங்களிலேயே உள்ளன. நம் குழந்தைகளோ அவர்களுட் பலரை நேரிற் கண்டதில்லை. அடையாளம் சொல்ல வல்ல மூத்தோர் நம்மிடையே இருக்கும்போதே, ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் பெயரும் ஊரும் ஆண்டும் பென்சிலால் எழுதி வைப்போமாக. காலம் தாழ்த்தின், பெயரறியா முகங்களே நம் மக்களுக்கு எஞ்சும்.